நாலு வெற்றி, எட்டுத் தோல்வி

ப்ளூமிங்டன், இந்தியானா
பிப்ரவரி 2026

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. குளிர் இன்னும் விடவில்லை. ஆனாலும் ஊர் இன்னும் ஜனவரி 19 இரவிலேயேதான் நிற்கிறது. காய்கறி வாங்கப் போனாலும், பல் காட்டப் போனாலும், பேச்சு சுற்றிச் சுற்றி, எங்கள் இந்தியானா ஃபுட்பால் டீம் மயாமியை 27-21 என்று ஜெயித்துச் சாம்பியனான ஆட்டத்துக்கே வந்துவிடுகிறது. அத்தானும் மாறிப்போனார். முன்பெல்லாம் சனிக்கிழமை மதியம் தூங்குகிற மனிதர், இப்போது ரீப்ளே பார்க்கிறார்.

உன் கடிதத்தில் இருந்த கோபம் எனக்குப் புரிகிறது. சாப்பல் ஹில்லில் படிக்கப் போனதிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் வெளிர்நீல ஃபுட்பால் டீமை உன் டீமாகவே வைத்திருக்கிறாய். ஆறு சூப்பர் பவுல் ஜெயித்த பில் பெலிச்சிக் கோச்சாக வருகிறார் என்றதும் எனக்கு நள்ளிரவில் போன் செய்தவன் நீ. ஆண்டுக்கு 1 கோடி டாலர் சம்பளத்தில் வந்தவர் 2025 சீசனை 4 வெற்றி, 8 தோல்வி என்று முடித்திருக்கிறார். "இன்னும் எதற்காக வைத்திருக்கிறார்கள்? உங்க ஊர் கோச் சிக்னெட்டி முதல் வருஷமே 11 ஜெயிக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறாய்.

நான் நினைப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு புது கோச்சின் முதல் சீசனில் எத்தனை ஜெயித்தார், எத்தனை தோற்றார் என்ற கணக்கை மட்டும் வைத்து அவரை எடைபோடக் கூடாது. அந்தக் கணக்கில் பாதி, அவருக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன சொத்தும் கடனும். ஆனால் அதே 12 ஆட்டங்களை வேறு விதமாகப் பார்த்தால் அந்த மனிதரைப் பற்றி நிறையவே தெரிந்துகொள்ளலாம். உன் டீமை அப்படிப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கையும் வருகிறது, நிறையக் கவலையும் வருகிறது.

முதலில் அந்த எட்டுத் தோல்விகளையும் பிரித்து வைத்துப் பார். அக்டோபரில் கலிபோர்னியாவோடு 21-18. ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருக்கும்போது உங்கள் பையன் பந்தோடு எல்லைக்கோட்டை நோக்கிப் பாய்கிறான். கோட்டைத் தொடுவதற்கு ஒரு முழம் முன்னால் பந்து கையை விட்டு நழுவுகிறது. அடுத்த வாரம் வர்ஜீனியாவோடு ஓவர்டைம். டச்டவுன் போட்டுவிட்டு, ஒரு பாயின்ட் எடுத்துச் சமன் செய்யாமல், இரண்டு பாயின்டுக்கு முயன்று அங்கேயே ஆட்டத்தை முடித்துவிடப் பார்த்தார்கள். பந்தைப் பிடித்தவனைக் கோட்டை ஒட்டியே மடக்கிவிட்டார்கள். 17-16. இந்த இரண்டு இடத்திலும் பந்து ஓரடி முன்னால் போயிருந்தால் கணக்கு 6-6. சீசன் முடிந்ததும் நடக்கும் பவுல் ஆட்டத்துக்குப் போயிருப்பீர்கள். உன் கடிதமும் வேறு மாதிரி வந்திருக்கும். பெலிச்சிக் அதே பெலிச்சிக்தான், அவர் தந்த பயிற்சியும் அதேதான். நழுவிய பந்தை யார் பொறுக்குவார்கள் என்பதில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு சீசனுக்கு 12 ஆட்டம்தான் என்பதால், அப்படி இரண்டு பந்து நழுவினாலே ஒரு கோச்சின் பெயர் கெட்டுவிடும்.

ஆனால் மற்ற தோல்விகளைப் பார். டி.சி.யூ.வோடு முதல் ஆட்டம் 48-14. சென்ட்ரல் ஃபுளோரிடாவோடு 34-9. கிளெம்சனோடு 38-10. கடைசி ஆட்டத்தில் நார்த் கரோலினா ஸ்டேட்டோடு 42-19. இவற்றில் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல இடமே இல்லை. அதனால்தான் ஜெயித்தார்களா தோற்றார்களா என்பதைவிட, எத்தனை பாயின்டில் என்பதை முதலில் பார் என்கிறேன். 3 பாயின்டில் தோற்ற டீமும் 34 பாயின்டில் தோற்ற டீமும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் இருக்கிற நோய் வேறு வேறு.

நூலிழையில் தோற்பது எப்போதும் அதிர்ஷ்டம்தான் என்றும் எடுத்துக்கொள்ளாதே. நெப்ராஸ்காவில் ஸ்காட் ஃபிராஸ்டுக்கு என்ன நடந்தது என்று பார். 2017-ல் சென்ட்ரல் ஃபுளோரிடாவை 13-0 என்று கொண்டுபோனவர். நெப்ராஸ்கா மண்ணின் மைந்தர், அந்த டீமுக்கே குவார்ட்டர்பேக்காக ஆடி சாம்பியன்ஷிப் ஜெயித்தவர். 2018-ல் வந்தார், 4-8. பிறகு 5-7, 3-5. 2021-ல் 3-9, அந்த ஒன்பது தோல்வியும் 10 பாயின்டுக்குக் குறைவான வித்தியாசத்தில். "இன்னும் கொஞ்சம்தான், அடுத்த வருஷம் திரும்பிவிடும்" என்று அந்த மாநிலமே காத்திருந்தது. திரும்பவில்லை. 2022 செப்டம்பரில் ஜார்ஜியா சதர்னிடம் சொந்த மைதானத்தில் 45-42 என்று தோற்ற மறுநாள் அவரை அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷம் நூலிழையில் தோற்றால் கைநழுவல் என்று விட்டுவிடலாம். நாலு வருஷமும் அப்படியே தோற்றால் கடைசி நிமிடங்களில் எதையோ தொடர்ந்து தவறாகச் செய்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அடுத்து, முதல் வருஷக் கணக்கு எப்படி ஏமாற்றும் என்பதைப் பார்ப்போம். இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

நிக் சேபன் அலபாமாவுக்கு வந்த 2007-ல் களத்தில் 7 வெற்றி, 6 தோல்வி. நவம்பரில் வரிசையாக நாலு ஆட்டம் தோற்றார். அதில் ஒன்று லூசியானா மன்றோ என்கிற சின்ன டீமிடம், சொந்த ஊரான டஸ்கலூசாவிலேயே, 21-14. அன்று அந்த ஊரில் இருந்தவர்களிடம் "இந்த மனிதர் இங்கே ஆறு சாம்பியன்ஷிப் ஜெயிப்பார்" என்று சொல்லியிருந்தால் யாரும் நின்று கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த வருஷமே 12-2. அதற்கடுத்த வருஷம் 14-0. அந்த 2007 டீமில் சேபனுக்குக் கீழே ரிசீவர்களுக்குப் பயிற்சி தந்துகொண்டு, பள்ளிப் பையன்களைத் தேடிச் சேர்க்கும் பொறுப்பையும் பார்த்தவர் கர்ட் சிக்னெட்டி. மோசமான முதல் சீசன் எப்படியிருக்கும், அதற்குப் பின்னால் அசையாமல் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர் கூடவே நின்று பார்த்தவர்.

கான்சஸ் ஸ்டேட்டுக்கு 1989-ல் பில் ஸ்னைடர் வந்தபோது அந்த டீம் அதற்கு முந்தைய இரண்டு சீசனிலும் ஓர் ஆட்டம்கூட ஜெயித்திருக்கவில்லை. அவருடைய முதல் வருஷம் 1-10. வெளியிலிருந்து பார்த்தால் படுதோல்வி. அடுத்த வருஷம் 5-6, அதற்கடுத்தது 7-4. இன்று அந்த ஸ்டேடியத்துக்கே அவர் குடும்பத்தின் பெயர்தான். மேட் ரூல் பெய்லரில் 2017-ல் 1-11, பிறகு 7-6, பிறகு 11-3. அதற்கு முன்னால் டெம்பிளிலும் 2-10, 6-6, 10-4 என்று இதே ஏணியில்தான் ஏறினார்.

இப்போது மறுபக்கம். பெலிச்சிக்கிடமே நியூ இங்கிலாந்தில் வேலை பார்த்து, சூப்பர் பவுல் மோதிரங்களோடு 2005-ல் நோட்ர டேமுக்குப் போனவர் சார்லி வைஸ். முதல் சீசன் முடியக்கூட இல்லை, 10 வருஷத்துக்குப் புது கான்ட்ராக்ட் போட்டுக் கொடுத்தார்கள். அந்த வருஷம் 9-3, அடுத்தது 10-3. ஆனால் அந்தப் பையன்களில் முக்கியமானவர்களைச் சேர்த்தது அவருக்கு முன்னால் மூன்றே வருஷத்தில் வெளியேற்றப்பட்ட டைரோன் வில்லிங்ஹாம். அந்தப் பையன்கள் படிப்பு முடித்துப் போனார்கள், 2007-ல் 3-9. 2009-ல் வைஸையும் அனுப்பினார்கள், அதற்குப் பிறகும் பல வருஷம் அவருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மயாமியில் லாரி கோக்கர் 2001-ல், முதல் வருஷமே 12-0, சாம்பியன். கல்லூரி ஃபுட்பாலின் மிகச் சிறந்த டீம்களில் ஒன்று என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். அந்த டீமைக் கட்டிவைத்துவிட்டுப் போனவர் புட்ச் டேவிஸ். கோக்கரின் கையிருப்பு வருஷா வருஷம் கரைந்தது, 2006-ல் வேலை போயிற்று.

குத்தகைக்கு எடுத்த நிலத்தின் முதல் போகம் மாதிரிதான் இது. விளைந்தாலும் பொய்த்தாலும், முன்பு உழுதவனுக்கும் அதில் பங்குண்டு. குத்தகைக்காரனின் கை எப்படிப்பட்டது என்று இரண்டாவது போகத்தில்தான் தெரியத் தொடங்கும்.

அப்படியானால் எல்லாருக்கும் காலம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா என்று நீ கேட்பாய். அங்கேதான் காலம் மாறிவிட்டது, தம்பி. வர்ஜீனியா டெக்கில் ஃபிராங்க் பீமர் 1987-லிருந்து 1992 வரை ஆறு வருஷத்தில் 24 வெற்றி, 40 தோல்வி, 2 டிரா. ஆறாவது வருஷம் 2-8-1. ஆனாலும் விட்டுவைத்தார்கள். அவரும் சும்மா இருக்கவில்லை, தனக்குக் கீழே இருந்த பயிற்சியாளர்களில் பலரை மாற்றினார். அடுத்த வருஷம் 9-3. அதிலிருந்து 2015-ல் ஓய்வு பெறும்வரை 23 வருஷமும் ஒன்று விடாமல் பவுல் ஆட்டம். இன்று எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் ஒருவருக்கு ஆறு வருஷம் அப்படிக் காத்திருக்காது. காத்திருக்காததற்கு நியாயமான காரணமும் ஒன்று இருக்கிறது.

அன்றைக்கு ஒரு கோச் தன் கையால் பொறுக்கிய பையன்களை வைத்து ஆட மூன்று நாலு வருஷம் ஆகும். பள்ளியிலிருந்து கூட்டிவந்து வளர்க்க வேண்டும். வேறு கல்லூரியிலிருந்து வருபவன் ஒரு வருஷம் வெளியே உட்கார வேண்டும். 2021-ல் அந்த விதி தளர்ந்தது. அதே வருஷம் ஜூலையில் பையன்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025-லிருந்து பல்கலைக்கழகங்களே நேராகப் பணம் கொடுக்கின்றன, முதல் வருஷத்துக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. கல்லூரி மாற விரும்பும் பையன்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் இருந்து ஒரே குளிர்காலத்தில் பாதி டீமை மாற்றிவிடலாம். "இவர்கள் நான் சேர்த்த பையன்கள் இல்லை" என்ற சாக்கு இப்போது ஒரு வருஷத்துக்கு மேல் செல்லாது.

எங்கள் ஊர்க் கதையை இதில் வைத்துப் பார். 2023-ல் இந்தியானா 3-9. நாங்கள் இங்கே குடிவந்த காலத்தில் சனிக்கிழமை ஆட்டம் என்றால் ஸ்டேடியத்துக்கு வெளியே புல்வெளியில் அடுப்பு வைத்துச் சமைத்துச் சாப்பிட ஆயிரக்கணக்கில் வருவார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகும் பாதிப் பேர் உள்ளே போக மாட்டார்கள். இடைவேளையில் மாணவர் பகுதி காலியாகிவிடும். இருக்கைகளின் அலுமினியம் வெயிலில் மின்னுவதைப் பார்த்திருக்கிறேன். 2024-ல் சிக்னெட்டி வந்தார். முந்தைய டீமான ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 பையன்களைக் கூட்டிவந்தார். அதைவிட முக்கியமாக, தற்காப்பைப் பார்க்கும் பிரையன்ட் ஹெய்ன்ஸ், தாக்குதலைப் பார்க்கும் மைக் ஷானஹன் இருவரையும் கூட்டிவந்தார். பென்சில்வேனியாவில் ஒரு சின்னக் கல்லூரியில் அவர் ஹெட் கோச்சாக இருந்த நாளிலிருந்தே அவரோடு வேலை செய்தவர்கள் அவர்கள். அவர் என்ன நினைக்கிறார் என்பது அவர்களுக்கும், அவர்கள் சொல்வது அந்த 13 பையன்களுக்கும் முன்னமே பழக்கம். மொழி புரிந்த ஒரு கூட்டம் முழுசாக இடம் பெயர்ந்து வந்தது.

அந்த முதல் வருஷம் 11-2. அப்போதும் ஒரு நியாயமான சந்தேகம் இருந்தது. ஜெயித்ததெல்லாம் பலவீனமான டீம்களை. பலமான ஓஹாயோ ஸ்டேட்டிடம் 38-15, நோட்ர டேமிடம் 27-17 என்று தோற்றார்கள். வைஸைப் போல இதுவும் ஒரு வருஷ வெளிச்சமோ என்று பலர் நினைத்தார்கள். பதில் இரண்டாவது வருஷத்தில் வந்தது. ஓரிகனை அவர்கள் மைதானத்திலேயே ஜெயித்தார்கள். ஓஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று ஜெயித்தார்கள். அலபாமாவை ரோஸ் பவுலில் 38-3. கடைசியில் 16-0. நம்பிக்கை 2024-லேயே வந்துவிட்டது, நிச்சயம் 2025-ல்தான் கிடைத்தது. முதல் வருஷத்தில் கேள்வியைச் சரியாகக் கேள், இரண்டாவது வருஷத்தில் பதிலைத் தேடு என்பது இந்த ஊர் எனக்குக் கற்றுத்தந்தது.

இனி உன் பெலிச்சிக். அவருக்கும் சிக்னெட்டிக்கும் வித்தியாசம் இங்கேதான். அவரும் ஏறத்தாழ 70 புதுப் பையன்களைச் சேர்த்தார். ஆனால் அவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள். பயிற்சி தந்தவர்களில் பலர் தொழில்முறை ஆட்டத்திலிருந்து வந்தவர்கள். பத்தொன்பது வயதுப் பையனுக்கு வகுப்பு உண்டு, பரீட்சை உண்டு, பயிற்சிக்குக் கிடைக்கிற நேரம் குறைவு. சம்பளத்துக்கு ஆடும் முப்பது வயதுக்காரனுக்குச் சொல்வதை அவனுக்கு அப்படியே சொல்ல முடியாது. இதை அவர் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்கிறாரா என்பதுதான் என் கேள்வி.

நம்பிக்கை தருகிற அறிகுறி இரண்டு. செப்டம்பரில் 30, 40 பாயின்ட் வாங்கிய டீம், அக்டோபர் கடைசியில் வர்ஜீனியாவை 17-ல் நிறுத்தியது, சிரக்யூஸை 27-10 என்று ஜெயித்தது, ஸ்டான்ஃபோர்டையும் 20-15 என்று ஜெயித்தது. சீசன் நடுவில் தற்காப்பு திருந்தியது கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது, சீசன் முடிந்ததும் தாக்குதலைப் பார்த்துக்கொண்ட ஃப்ரெடி கிச்சன்ஸை மாற்றிவிட்டார். பீமர் ஆறு வருஷம் கழித்துச் செய்ததை இவர் ஒரு வருஷத்தில் செய்தார்.

கவலை தருவதும் இரண்டு. கடைசி மூன்று ஆட்டத்திலும் தோல்வி, அதிலும் கடைசி ஆட்டத்தில் 42 பாயின்ட் வாங்கியது. நவம்பரில் டீம் முன்னைவிட நன்றாக ஆட வேண்டும், இவர்கள் மறுபடி சரிந்தார்கள். இன்னொன்று, அந்த 70 பேரையும் தேர்ந்தெடுத்தது அவரும் அவர் ஆட்களும்தான். முன்னவர் மேல் பழி போட அவருக்கு இடமில்லை.

ஆகவே என் தீர்ப்பு: ஒரு வருஷம் கொடுக்க வேண்டும், ஒரே ஒரு வருஷம். உடனே விரட்டுவதில் செலவு மட்டும் இல்லை, அவரை நம்பி வந்த பதினெட்டு வயதுப் பையன்களும் இருக்கிறார்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023-ல் ஜிம்போ ஃபிஷரை அனுப்ப ஏறத்தாழ 7 கோடியே 60 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்தப் பணத்தில் எத்தனை ஆய்வுக்கூடம் கட்டலாம் என்று உன்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஒரு கோச்சைப் பற்றி அவசரமாக மகிழ்ந்து நீண்ட கான்ட்ராக்ட் போடுகிறவர்கள்தான் பிறகு அவசரமாகக் கோபப்பட்டு இப்படிக் கொட்டிக் கொடுக்கிறார்கள். பல்கலைக்கழகம் என்பது பொறுமையாக மதிப்பிடக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடம். தன் ஃபுட்பால் கோச் விஷயத்தில் மட்டும் அது ஏன் பொறுமை இழக்க வேண்டும்?

அடுத்த சீசனை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். முதல் ஆட்டம் ஆகஸ்ட் 29, அயர்லாந்தில் டப்ளினில், மறுபடி அதே டி.சி.யூ.வோடு. இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. ஜெயிக்க வேண்டும் என்று அவசியமில்லை. போன வருஷம் 34 பாயின்ட் வித்தியாசம், இந்த வருஷம் எவ்வளவு என்று பார். போன வருஷம் ஆடிய பையன்களில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று பார். புதிதாக வந்தவர்களும் இருந்தவர்களும் களத்தில் ஒருவரையொருவர் பார்க்காமலே புரிந்துகொள்கிறார்களா, அல்லது பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்களா என்று பார். அக்டோபரில் எந்தப் பிழையைச் செய்தார்களோ அது நவம்பரில் குறைகிறதா என்று பார். இந்த நாலில் மூன்று தேறினால், கணக்கு 6-6 ஆக இருந்தாலும் நான் அவர் பக்கம் நிற்பேன். ஒன்றும் தேறாமல், பலவீனமான டீம்களை ஜெயித்து 7-5 என்று வந்தாலும், வேறு ஆளைத் தேடச் சொல்லி உன்னோடு சேர்ந்து நானும் எழுதுவேன்.

டப்ளின் ஆட்டத்தன்று போன் பண்ணு, சேர்ந்தே பார்க்கலாம். அதற்கு முன்னால் வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் டீம் தோற்ற அன்றைக்கு ராத்திரி நீ பட்டினி கிடக்கிறாய் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், போன வாரம் முழுக்க எனக்கு அதே புலம்பல்தான். தீசிஸ் எந்த அத்தியாயத்தில் நிற்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அக்கா